வண்ணாரப்பேட்டை பவானி தேவி இத்தாலிக்குப் போனது ஏன்?

ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் சி.ஏ. பவானி தேவி, ராயபுரத்தை ஒட்டிய வண்ணாரப்பேட்டை பொண்ணு. 2004-ல் பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிடுச்சு, மிச்சம் வாள்வீச்சுதான். வாள் விலை அதிகம் என்பதால் மூங்கில் குச்சியில் பயிற்சி.

அவருடைய சேபர் பிரிவில் இடுப்புக்கு மேல், கைகளின் மணிக்கட்டுக்குக் கீழான பகுதி தவிர, வாள் பட்டால் புள்ளி. எல்லாம் நொடியில் முடியும். பலமான எதிராளிகளோடு தினமும் மோதினால்தான் அந்த வேகம் வரும். அப்படிப்பட்ட ஆட்கள் இங்கே குறைவு. அதனால்தான் இத்தாலியின் லிவோர்னோ நகரில் நிகோலா சனோட்டியிடம் பயிற்சி பெற்றார்.

பலன்? டோக்கியோவில் முதல் சுற்றில் 15-3 வெற்றி, அடுத்ததில் 7-15 தோல்வி. 2023-ல் உலக சாம்பியன் மிசாகி எமுராவை வீழ்த்தி ஆசிய வெண்கலம். ஆனால் 2024 பாரிஸுக்குத் தகுதி கிடைக்கவில்லை.

வடசென்னையிலேயே வாளும், மோத ஆளும் கிடைத்தால்தான் அடுத்த பவானி வருவார்.