வர்ணம் பூசினால் சரியாகிவிடுமா?

எமது பாலமுனைப் பகுதி முன்பள்ளி ஒன்றுக்குச் சென்ற ஆண்டு மரத்தாலான பொம்மை வீடொன்று வந்து சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுப்பலகைத் துண்டுகளை, பெற்றோர் சேர்த்த பணத்தில் உள்ளூர்ப் பட்டறையொன்றில் பொருத்தி, இளஞ்சிவப்பு எனாமல் பூசி எடுத்த வீடு அது. கையளிப்பு வைபவத்தில் பொன்னாடையும் இருந்தது, புகைப்படமும் இருந்தது. மாரி மழை ஓய்வதற்குள் கூரையும் சுவரும் சந்திக்கும் இடமெல்லாம் கோடு விழுந்து, வர்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்து, எனது பேத்தியின் விரலில் சிராய் ஏறியது. விசாரிக்கப் போன என்னிடம் பட்டறைக்காரர் சொன்னது இதுதான்: “என்ன காக்கா செய்யிற, மரமெண்டா மழைக்கு இப்படித்தான்.”

இந்தப் பதிலை நான் அடியோடு மறுக்கிறேன். ஈரத்தில் மரம் விரிவதும் கச்சான் காற்றில் சுருங்குவதும் உண்மையே. ஆனால் ஒட்டுப்பலகையில் அந்த அசைவு மிகக் குறைவு. மரத் தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டியிருப்பதே அதற்குக் காரணம். மழை மீது பழி போடுவது நமது ஓடாவிமாருக்கு ஒரு வசதியாகிவிட்டது.

உண்மையான காரணம் அவசரம். வெள்ளைப் பசையில் நீர் இருக்கிறது. ஒட்டியவுடன் பொருத்தின் இரு ஓரங்களிலும் மரம் அந்த நீரைக் குடித்து வீங்கும். வீங்கிய நிலையிலேயே அரத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தினால், நீர் வற்றிய பின்னர் அதே இடம் பள்ளமாக இறங்கும். ஒருநாள் பொறுத்திருந்தால் இந்தக் கோடு விழுந்திருக்காது. லேசர் வெட்டிக் கருக்கிய விளிம்பின் கரியைத் தேய்த்து எடுக்காவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது. புட்டி காயும்போது சுருங்கும் என்பதால் மெல்லியதாக இருமுறை இட வேண்டும்; இங்கே ஒரே தடவையில் அப்பியிருக்கிறார்கள். பலகையின் வெட்டுமுகம் வர்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதை முதலில் ஷெல்லாக்கினாலோ அடிப்பூச்சினாலோ அடைத்து, மீண்டும் தேய்க்க வேண்டும். அரத்தாளைச் சிறு கட்டையில் சுற்றி, 120 இலக்கத்தில் தொடங்கி, 180, 220 என்று ஏறிச் செல்வதே முறை. வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் குழிதான் விழும். இருட்டறையில் டோர்ச் ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் ஒளிந்திருக்கும் பொருத்தெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். பளபளக்கும் எனாமல் குறையை மறைக்கும் என்று நம்புகிறவர்களுக்காக ஒன்று: அது குறையைப் பெருப்பித்துக் காட்டும்!

“பிள்ளைகள் விளையாடுற சாமான்தானே, இதுக்குப் போய் இவ்வளவு பார்க்கணுமா?” என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். சிறுவர் கையால் இழுத்து மகிழும் சிறுதேரைத் தச்சனே செய்ததாகக் குறுந்தொகையின் 61 ஆம் பாடல் சொல்கிறது. தேர் செய்யும் கைதான் விளையாட்டுத் தேரையும் செய்தது. இங்கிலாந்தின் மேரி அரசிக்காக 1924 இல் முடிக்கப்பட்டு இன்றும் வின்ட்சர் மாளிகையில் இருக்கும் பொம்மை வீட்டை வடிவமைத்தவர், புதுடில்லியைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான எட்வின் லட்யன்ஸ். அதன் அளவு 1:12. பொம்மை வீடுகளுக்குப் பெரும்பாலும் இன்றுவரை அதுவே அளவு. அந்தக் கணக்கில் அரை மில்லிமீற்றர் பிளவு, நாம் குடியிருக்கும் வீட்டில் 6 மில்லிமீற்றர் வெடிப்பாகும். அப்படியொரு சுவரை நமக்குக் கட்டித் தந்த மேசனுக்கு மீதிக் கூலியைக் கொடுப்போமா?

குற்றம் முழுவதையும் பட்டறையின் மீது போடவும் நான் தயாரில்லை. மருதமுனையில் சாரன் வாங்கும்போது உட்பக்கத்தைப் புரட்டி மூட்டுத் தையலைப் பார்க்கிறோம். ஒரு தையல் விலகியிருந்தாலும் திருப்பிக் கொடுக்கிறோம். மரச் சாமானில் மட்டும் மினுக்கத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுகிறோம். வர்ணத்துக்குக் காசு கேட்டால் கொடுக்கிறோம், தேய்ப்பதற்கு இரண்டு நாள் கூலி கேட்டால் “சும்மா தேய்க்கிறதுக்கா?” என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கூலி கொடுக்காத ஊரில் அந்த வேலையை யார் செய்வார்? (பத்திரிகைத் தொழிலில் ஒப்புநோக்குநர்களுக்கும் இதே கதிதான். அது வேறு கதை.)

இப்போது வந்திருக்கும் யோசனை, பழைய பூச்சின் மேல் இன்னொரு பூச்சு என்பதாகும். அடியில் இருக்கும் செதிலைச் சுரண்டாமல் பூசினால், அடுத்த மாரிக்கு இரண்டு பூச்சும் சேர்ந்து பெயரும். சுரண்டுவதென்றால் முதலில் பூசிய டின் எது என்று தெரிய வேண்டும். சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்கான வர்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2013 முதல் இந்நாட்டில் விதி. பெயர் தெரியாத டின்னில் வந்த பூச்சை வகுப்பறைக்குள் உலரத் தேய்த்தால், அந்தத் தூசு பாயிலும் பிள்ளைகளின் கையிலும்தான் போய்ப் படியும். திறந்த வெளியில், ஈரமாக்கி, முகக்கவசம் அணிந்து பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை அது.

டின்னைப் பற்றிக் கேட்டேன். எவருக்கும் நினைவில்லை. பழைய பூச்சை எடுத்து, பொருத்துகளைச் சீராக்கித் தர மூன்று நாள் கூலி வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். நிர்வாகக் குழு இரண்டு டின் பெயின்டுக்கு மட்டும் அனுமதி வழங்கியிருக்கிறது.