கூரைக்கு வயதானால் காப்பீடு கைகொடுக்காது

இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86இல் தொடங்கியபோது, அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கானதாகவே இருந்தது. நம் குடியிருப்புகளில் உள்ள தொகுப்பு வீடுகளில் பல பழையவை. மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. துருவேறிய கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. மேலே சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் விரிசல் மறையும், ஆபத்து மறையாது.

காப்பீடு எடுத்தால் போதுமா? 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி தீ, புயல், வெள்ளம் போன்ற திடீர் சேதங்களுக்கானது. நாள்பட்ட தேய்மானத்துக்கு இழப்பீடு கிடைக்காது. எனவே கட்டிக் கொடுத்த அரசே பழுதுபார்க்க வேண்டும் என்று நாம் கேட்பது சலுகை அல்ல.

2000-01 வரை அரசுத் திட்டங்களில் கட்டிய 2.5 லட்சம் ஊரக வீடுகளைச் சீரமைக்க ரூ.2,000 கோடி என 2024இல் தமிழக அரசு அறிவித்தது. சராசரியாக வீட்டுக்கு ரூ.80 ஆயிரம். பழுதுபார்க்கவே முடியாத வீடுகளுக்குப் பதிலாக 25,000 புதிய வீடுகள் கட்ட, 2025-26இல் ரூ.600 கோடி அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நம் தெருவுக்கு வந்ததா என்பதே கேள்வி.

அடுத்த கிராம சபையில் பயனாளிகள் பட்டியலை வாசிக்கச் சொல்வோம். பெயர் விடுபட்டிருந்தால் கூரையின் படத்துடன் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெறுவோம். படிக்கும் பிள்ளைகள் மனு எழுதித் தரலாம். சீரமைத்த பின்னும் படம் எடுத்து வைப்போம். நாளை புயலில் சேதமானால் காப்பீடு கேட்க அதுவே சான்று.