ஒன்றரை ஷிப்ட் வீட்டில் பிள்ளைத் தூக்கம்



"பிள்ளை ராத்திரி தூங்கவே மாட்டேங்குதுங்க. ஏதாச்சும் மருந்து இருக்குங்களா?" திருப்பூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. அனுப்பர்பாளையமோ, பெருமாநல்லூரோ, பல்லடமோ, ஊர்தான் மாறுகிறது; கேள்வி மாறுவதில்லை. படுக்க வைத்தால் எழுந்துகொள்கிறது, பதினோரு மணி வரை விளையாடுகிறது, நடுச்சாமத்தில் விழித்து அழுகிறது. காலை எட்டரைக்கு அந்தத் தாய் தையல் மெஷினில் உட்கார்ந்தாக வேண்டும். பவர் டேபிளில் கண் செருகினால் விரலில் ஊசி ஏறிவிடும். அந்தப் பயத்தோடும் அசதியோடும் கேட்கப்படும் கேள்வி என்பதால், கேட்பவரைக் குறை சொல்லும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

நேராகவே பதில் சொல்கிறேன். நோயில்லாத பிள்ளையைத் தூங்க வைக்க நாமாகக் கடையில் வாங்கி ஊற்றலாம் என்ற வகையில் எந்த சிரப்பும் கிடையாது. "சளி மருந்து அரை மூடி குடுத்தா அசந்து தூங்கிருதுங்க" என்கிறார்கள். அந்த அசதி, சளி மருந்தில் இருக்கும் ஒவ்வாமை மருந்தின் பக்கவிளைவு. இவற்றில் ஒன்றான புரோமெத்தசின் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூச்சையே அடக்கிவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை உத்தரவிட்டது.

2025இல் நடந்ததை நாம் மறக்க முடியாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகள் கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகவே தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதார இயக்குநரகம் அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. இருமலுக்கே வேண்டாம் என்று சொல்லப்படும் மருந்தை, தூக்கத்துக்காக ஊற்ற வேண்டாம்.

இப்போது மெலடோனின் கம்மி மிட்டாய்களும் கைபேசி வழியே ஆர்டர் செய்தால் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. இருட்டியதும் நம் மூளையே சுரக்கும் ஹார்மோன்தான் மெலடோனின். ஆட்டிசம் போன்ற நிலைகளில் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் அளவறிந்து அதைத் தருவதுண்டு. நாமாகத் தருவது வேறு விஷயம். அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மிகளைச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், 22 கம்மிகளில் லேபிளில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. இனிப்பு என்று பிள்ளை தானே எடுத்துத் தின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது. வசம்பையும் உரைமருந்தையும் நம்பும் பாட்டிமார்களின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருளின் காரணமாக அமெரிக்கா 1968லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டது. கைக்குழந்தையின் நாக்கில் அதைத் தடவாமல் இருப்பதே நல்லது.

பிள்ளையை மருந்தால் தூங்க வைக்கும் நெருக்கடி நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. பஞ்சும் நூலும் ஓடிய ஊர்களில் எல்லாம் அது இருந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில், பருத்தி ஆலைகளின் மான்செஸ்டரிலும், பின்னலாடைக்கும் லேஸுக்கும் பேர்போன நாட்டிங்ஹாமிலும், வேலைக்குப் போகும் தாய்மார்கள் 'காட்ஃபிரேஸ் கார்டியல்' என்ற அபின் கலந்த சிரப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். தொழிலாளர் வாழ்க்கை பற்றி 1845இல் எழுதிய எங்கெல்ஸ் அதனால் நேர்ந்த சாவுகளைப் பதிவு செய்திருக்கிறார். பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களின் நிலையை 1920களின் தொடக்கத்தில் ஆராய்ந்த டாக்டர் பார்ன்ஸ் என்ற பெண் மருத்துவர், அவர்களின் குழந்தைகள் ஏறத்தாழ எல்லோருக்குமே அபின் கொடுக்கப்படுவதைக் கண்டார். அந்தத் தாய்மார்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பத்து மணி நேரம் ஆலைக்குள் நிற்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் 1931இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் கமிஷன் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1948இன் தொழிற்சாலைகள் சட்டத்திலும் அது இடம்பெற்றது. தாய்க்கு நேரமும் பிள்ளைக்கு ஆளும் கிடைத்தால்தான் அபின் போகும் என்பதை அன்றே புரிந்துகொண்டார்கள்.

இன்றைய திருப்பூருக்கு வருவோம். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. ஷிப்மென்ட் நெருங்கினால் நள்ளிரவும் தாண்டும். தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்ட அப்பத்தாவோ அம்மிச்சியோ பக்கத்தில் இல்லை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், தன் வேலை நடக்க வேண்டுமே என்று சாயங்காலம் ஐந்தரை வரை தூங்க விடுகிறார். அம்மா ஒன்பது மணிக்கு வீடு வந்து, சமைத்து, சோறு ஊட்டும்போது பத்து ஆகிவிடுகிறது. இருப்பதோ ஒரே அறை. அதில்தான் டியூப் லைட்டும் டிவியும். பகலெல்லாம் அம்மாவைப் பார்க்காத பிள்ளை, அம்மா கிடைத்த நேரத்தில் எப்படித் தூங்கும்? நாம் தூக்கக் கோளாறு என்று சொல்வதில் பெரும்பகுதி, அம்மாவோடும் அப்பாவோடும் இருக்க வேண்டும் என்ற ஆசை.

பிள்ளையின் தூக்கம் வீட்டின் கடிகாரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் மருந்தைத் தேடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள் என்பதே இந்த மாதம் நான் சொல்ல வந்தது.

ஒரு நாளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 1 முதல் 2 வயதுக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்கவியல் மருத்துவர்களின் கணக்கு. பதினோரு மணிக்குப் படுத்து, ஸ்கூல் வேனுக்காக ஆறரைக்கு எழுப்பப்படும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பது ஏழரை மணி நேரம்தான். அதன் சிடுசிடுப்பையும் பாடத்தில் கவனம் ஓடாததையும் சேட்டை என்று திட்டுகிறோம்.

ஒன்றரை ஷிப்ட் ஓடும் வீட்டிலும் செய்யக்கூடிய சில மாற்றங்கள் உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரிடம் மதியத் தூக்கத்தை மூன்று மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். இரவுச் சோற்றை அவரே ஏழரைக்கு ஊட்டிவிடட்டும். நீங்கள் வந்ததும் அடுப்படிக்குப் போகும் முன் அரை மணி நேரம் பிள்ளையோடு மட்டும் இருங்கள். கைபேசி அலமாரியில் இருக்கட்டும். பிறகு டிவியையும் டியூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள்; சிறிய பல்பு ஒன்று போதும். கால் கழுவுவது, துணி மாற்றுவது, ஒரு கதை, படுக்கை என்ற வரிசை தினமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையும் எழுப்பும் நேரத்தை மாற்ற வேண்டாம். அப்பாமார்களே, கதை சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால் அம்மா சமையலை முடித்துவிடுவாள்.

அழும் கைக்குழந்தைக்கு ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2022இல் ஒரு வழியைச் சொன்னது. தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும். தூங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து, பிறகு கீழே கிடத்த வேண்டும். தோளில் போட்டு நடந்து தூங்க வைத்த நம் தாய்மார்கள் செய்து வந்ததும் ஏறக்குறைய இதுதான்.

இவ்வளவு செய்தும் தூக்கம் வரவில்லை என்றால் உடம்பில் காரணம் இருக்கலாம். வாயைத் திறந்து குறட்டை விட்டால் மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். இரவில் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு எழுந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். கால் குடையுது என்று உதைத்துக்கொண்டே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவா என்று பார்க்க வேண்டும். விடியற்காலையில் இருமினால், பஞ்சுத் தூசி ஒட்டிய துணியோடு நாம் வீட்டுக்கு வருகிறோமா என்று யோசிக்க வேண்டும். ஆஸ்துமாவா என்று மருத்துவர் சொல்வார். இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். பிள்ளை எப்போது படுத்தது, எப்போது விழித்தது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போனால் அவருக்குப் பெரிய உதவி.

கம்பெனி முதலாளிகளிடமும் கான்ட்ராக்டர்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் சொன்னது. அதைப் பலகையில் மட்டும் வைத்திருக்காதீர்கள். ஐம்பது பேர் இல்லாத சிறிய யூனிட்டுகள் நான்கைந்து சேர்ந்து ஒரு காப்பகம் நடத்தலாம். ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள பெண் ஒரு ஷிப்ட்டோடு கிளம்பக் கேட்டால் முகம் சுளிக்காமல் அனுப்புங்கள். நிட்டிங் மெஷினும் தறியும் இரவெல்லாம் ஓடும் இடங்களில், குடியிருப்புப் பகுதியின் இரவுச் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற விதியையும் நினைவில் வையுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்க முயலும் பிள்ளை உங்கள் தொழிலாளியின் பிள்ளைதான்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் எந்த மாற்றம் கைகொடுத்தது என்று எழுதுங்கள். நல்ல காப்பகம் நடத்தும் கம்பெனி உங்களுக்குத் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த இதழ்களில் மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வோம். இன்று இரவே அலமாரியில் இருக்கும் பழைய சிரப் பாட்டில்களை எடுத்துப் பாருங்கள். தூக்கத்துக்காக வைத்திருந்தால் அவற்றை ஒதுக்கிவிட்டு, அந்த அரை மணி நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்