கோடு போட்ட கட்டங்கள்

2017 மே மாதம், பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துச் சதுரக் கிணறு. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்துபோய், ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. நாடாவை இறக்கினேன். முனையில் கட்டிய எடைக்குண்டு பாறையில் ‘டொக்’கென்று பட்டது. நாடாவில் பூசியிருந்த சுண்ணாம்பில் ஈரமே இல்லை. பதிவேட்டில் நீர்மட்டக் கட்டத்தில் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு வண்டிக்குத் திரும்பினேன். தோட்டத்துக்காரர் கூடவே நடந்து வந்தார். “தண்ணி இருந்தா நம்பர் எழுதறீங்க, இல்லீன்னா கோடு போட்டுட்டுப் போயிடறீங்க. இல்லாததைத்தானுங்க சார் முதல்ல எழுதோணும்?” என்றார்.

சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் கேட்டது புள்ளியியல் கேள்வி என்பது உறைக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆயிற்று.

அந்தக் கோட்டுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது அது வெற்றுக் கட்டமாகிறது. கிணறு வறண்டதா, பூட்டிக் கிடந்ததா, மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் அளக்க முடியவில்லையா, அன்று ஆளே போகவில்லையா, எல்லாம் ஒரே வெற்றிடம்தான். பிறகு ஓர் ஆய்வாளர் தரவை இறக்குமதி செய்கிறார். விடுபட்ட அளவுகள் அதிகமுள்ள கிணறுகளை நீக்குவது நல்ல பழக்கம் என்றுதான் நாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவரும் ஒழுங்காக நீக்குகிறார். ‘தொடர்ச்சியான தரவுள்ள கிணறுகள் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன’ என்று செய்முறைப் பகுதியில் ஒரு வரி எழுதுகிறார். அந்த ஒரு வரியில் வறட்சி முழுவதும் காணாமல் போய்விடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பிர்காவில் பத்து கண்காணிப்புக் கிணறுகள். ஆறு கிணறுகள் ஏரிக்குக் கீழே, நீர்மட்டம் தரையிலிருந்து 6 மீட்டரில். நான்கு மேட்டுக்காட்டில், நீர்மட்டம் 16 மீட்டரில், கிணற்றின் ஆழம் 18 மீட்டர். சராசரி 10 மீட்டர். சில ஆண்டுகள் போகின்றன. மேட்டுக்காட்டுக் கிணறுகள் நான்கும் வறண்டுவிட்டன. ஏரிக்குக் கீழுள்ள ஆறும் ஒரு மீட்டர் இறங்கி 7-இல் நிற்கின்றன. கோடு போட்ட கட்டங்களை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் 7 மீட்டர். பத்துக் கிணற்றிலும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அறிக்கையோ நீர்மட்டம் 3 மீட்டர் உயர்ந்தது என்கிறது. யாரும் பொய் எழுதவில்லை, கூட்டலிலும் பிழையில்லை.

தென்னிந்தியாவின் மீது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர்கள் தேஜஸ்வி ஹோரா, வீணா சீனிவாசன், நந்திதா பாசு ஆகியோர். அவர்களுடைய கட்டுரை 2019-இல் ‘ஜியோபிசிகல் ரிசர்ச் லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், காந்திநகர் ஐ.ஐ.டி.யின் விமல் மிஸ்ரா உள்ளிட்ட குழு ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, 2002 முதல் 2013 வரை வட இந்தியாவில் நிலத்தடி நீர் குறைந்தது, தெற்கே ஆண்டுக்கு 1 முதல் 2 செ.மீ. கூடியது என்று சொல்லியிருந்தது. பருவமழை மாற்றத்தை அது முக்கியக் காரணமாகக் காட்டியது. அதே ஆண்டு வந்த இன்னொரு கட்டுரை நாட்டின் சில பகுதிகளில் கண்ட ஏற்றத்துக்குக் கொள்கை மாற்றங்களைக் காரணம் காட்டியது. இந்தக் காலத்தில்தான் நம் ஊர்களில் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தது. படம் ஏறுகிறது, மோட்டார் காற்றை இழுக்கிறது. இந்த முரணைத்தான் ஹோரா குழு எடுத்துக்கொண்டது. வறண்டு அளவு விடுபட்ட கிணறுகள் தரச் சோதனையில் கழிந்துபோகின்றன, பிழைத்திருக்கும் கிணறுகள் மட்டும் பேசுகின்றன என்பது அவர்கள் விடை.

தெற்கில் தண்ணீர் ஏறவேயில்லை என்று நான் சொல்லவரவில்லை. நல்ல மழைக்குப் பிறகு நம் கிணறுகள் கரைவரை வருவதைப் பார்த்தவர்கள்தானே நாம். ஆனால் அதுவே கடினப்பாறையின் குணம். தமிழகப் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தப் பாறைதான். மேலே சிதைந்த பாறை இருபது முப்பது மீட்டர், அதற்குக் கீழே வெடிப்புகள். சிதைந்த கிரானைட்டில் வடியக்கூடிய நீரளவு பொதுவாக 2 முதல் 4 விழுக்காடு, களி கலந்திருந்தால் இன்னும் குறைவு. ஆற்று வண்டல் மணலில் அது பல மடங்கு. பாத்திரம் சிறியது என்பதால் ஒரே மழையில் நிரம்பும், ஒரே கோடையில் காலியாகும். சிந்து கங்கைச் சமவெளியில் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும் நேர்கோட்டை நம் நீர்மட்டப் படங்களில் தேடுவதே தவறு. இங்கே பற்றாக்குறை சரிவாகத் தெரியாது. எத்தனை கிணறு எத்தனை மாதம் வறண்டு கிடந்தது என்பதில்தான் தெரியும். அதாவது, நாம் கோடு போட்டுத் தள்ளும் அந்தக் கட்டங்களில்.

செயற்கைக்கோள் வந்து காப்பாற்றும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைக் கோள்கள் ஒன்றுக்கொன்று சுமார் 220 கி.மீ. இடைவெளியில் பறந்தபடி, அந்த இடைவெளியின் நுண்ணிய ஏற்ற இறக்கத்திலிருந்து ஈர்ப்பு மாற்றத்தைப் படித்தன. அது 2017-இல் முடிந்தது, 2018 மே மாதம் அடுத்த இணை ஏறியது. அருமையான கருவிதான். வட மேற்கு இந்தியாவின் நீரிழப்பை 2009-இல் உலகுக்குக் காட்டியதும் அதுதான். ஆனால் அது நம்பகமாகப் பார்க்கும் பரப்பு ஒன்றரை லட்சம் சதுர கி.மீ.க்குக் குறையாது. தமிழகமோ 1,30,058 சதுர கி.மீ. மொத்த மாநிலமும் அதற்கு ஒரு புள்ளி போலத்தான். அந்த ஈர்ப்பு மாற்றம் காட்டும் மொத்த நீரிலிருந்து மேட்டூரில் தேங்கும் நீரையும் மண் ஈரத்தையும் கழித்து மிஞ்சுவதைத்தான் நிலத்தடி நீர் என்கிறோம். இன்னொன்று, கோள் பறக்கத் தொடங்கிய 2002-இலும் அடுத்த ஆண்டிலும் தெற்கே கடும் வறட்சி. பள்ளத்திலிருந்து அளக்கத் தொடங்கினால் எந்தக் கோடும் மேட்டை நோக்கித்தான் போகும்.

வெற்றுக் கட்டம் கூடாது என்றதும் நம்மவர்களில் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். கிணறு வறண்டால் அதன் அடிமட்ட ஆழத்தையே நீர்மட்டமாக எழுதுகிறார்கள். அண்மையில் இந்த இதழுக்கு வந்த ஒரு கட்டுரையில் ஒரு கிணறு ஆறு ஆண்டுகளாக 18.2 மீட்டரில் அசையாமல் நின்றது. ‘நிலையான நீர்மட்டம்’ என்று கட்டுரையாளர் விளக்கமும் எழுதியிருந்தார். விசாரித்தால், கிணற்றின் ஆழமே 18.2 மீட்டர். வறண்ட கிணறு சொல்வது ஒன்றுதான்: நீர்மட்டம் இந்த ஆழத்துக்கும் கீழே இருக்கிறது. எவ்வளவு கீழே என்று அதற்குத் தெரியாது. மருத்துவ ஆய்வில் பாதியில் தொடர்பு விட்டுப்போன நோயாளியை இறந்தவர் கணக்கிலும் சேர்ப்பதில்லை, பட்டியலிலிருந்தும் அடிப்பதில்லை. ‘இதுவரை தெரியும், இதற்குமேல் தெரியாது’ என்ற வரம்போடு கணக்கில் வைத்துக்கொள்ள அவர்களுக்குக் காப்லான்-மையர் முறை 1958-லிருந்து இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள நமக்கு என்ன தடை?

மாற்றுக் கிணறு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வெட்டுக்கிணறு வறண்டதும் பக்கத்திலேயே ஆழமான பீசோமீட்டர் போட்டு, அதே கிணற்று எண்ணைக் கொடுத்து, பழைய வரைகோட்டோடு ஒட்டிவிடுகிறோம். முன்னது சிதைந்த பாறையின் நீர்மட்டம், பின்னது ஆழ் வெடிப்பின் அழுத்த மட்டம். இரண்டு வேறு வேறு நீர்த்தாங்கிகளை ஒரே கோட்டில் கோத்துவிட்டு அதற்குச் சரிவு கணக்கிடுகிறோம். வறண்ட கிணற்றை ஏன் இன்னும் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வரும் என்பது எனக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குப் பயந்து கிணறுகளைக் கைவிட்டவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த இதழிலிருந்து, நீர்மட்டத் தரவைக் கொண்டு எழுதப்படும் கட்டுரைகளில் நீக்கப்பட்ட கிணறுகளின் அட்டவணை கட்டாயம். எத்தனை நீக்கப்பட்டன, அவை எந்த நில அமைப்பில் உள்ளவை, எந்த ஆண்டுகளில் அளவு விடுபட்டது, வறட்சியாலா வேறு காரணத்தாலா என்பன அதில் இருக்க வேண்டும். காரணம் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதலாம், கட்டுரையைத் திருப்பி அனுப்ப மாட்டோம். வறண்ட கிணறுகளின் விழுக்காட்டை ஆண்டுவாரியாகத் தனிப் படமாகக் கொடுத்தால் நல்லது. அட்டவணை இடத்தை அடைக்கிறது என்று ஏற்கெனவே இரண்டு பேர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். சரிவுப் படங்களில் பாதியைக் குறைத்துக்கொண்டால் இடம் கிடைக்கும்.

களத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. கோட்டுக்குப் பதிலாக ‘வ’ என்று எழுதினால் வறட்சி, ‘பூ’ என்றால் பூட்டு, ‘மோ’ என்றால் மோட்டார் ஓட்டம் என்று உங்கள் அலுவலக அளவிலேயே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை. மே மாத அளவீட்டுக்குப் போகும்போது கிணற்றின் மொத்த ஆழத்தையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தில் உள்ள ஆழம், பல கிணறுகளில் தூர் சேர்வதற்கு முன்போ, விவசாயி ஆழப்படுத்துவதற்கு முன்போ எடுத்தது. பல்லடத்துக் கிணற்றுக்குப் பதிவேட்டில் 24 மீட்டர் என்றிருந்தது. நான் அளந்தபோது 22.6.