ஆகாயத்துக்கு விதி உண்டு, வயலில் நிற்பவனுக்கு?

தமிழ்நாட்டு நெல்வயல்களின் மேல் இன்று புதிய இரைச்சல் ஒன்று கேட்கிறது. வயிற்றில் பத்து லிட்டர் பூச்சிமருந்தைச் சுமந்துகொண்டு டிரோன் பறக்கிறது. முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு ஒரு தொழிலாளி மணிக்கணக்கில் நடந்து அடிக்கும் ஒரு ஏக்கரை, அது சுமார் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறது.

செங்கற்பட்டு ஜில்லாவுக்கு இந்த யந்திரம் அந்நியமல்ல. படூரில் விமானப் பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாநில அரசு 2022-ல் தொடங்கிய ஆளில்லா விமானக் கழகம், இதே ஜில்லாவில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. படூரிலிருந்து தெற்கே போனால் திருப்போரூரிலும் செய்யூரிலும் மதுராந்தகம் ஏரிப் பாசனத்திலும் கூலிக்கு மருந்தடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். படிப்பும் யந்திரமும் ஒரு பக்கம்; கூலியாள் மறுபக்கம். நடுவே பாலம் உண்டா என்பதே நமது கேள்வி.

யந்திரத்தின் மீது நமக்குப் பகையில்லை. 2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கையுறை இல்லை, முகமூடி இல்லை, தலைக்கு மேல் வளர்ந்த செடிகளுக்கு நடுவே நச்சு மூடுபனியில் நின்றார்கள். அந்த மனிதனை நச்சிலிருந்து வெளியே கொண்டுவரும் யந்திரம் எதுவானாலும் நல்லதே. ஆனால் அது மெய்யாகவே அவனை வெளியே கொண்டுவருகிறதா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். மத்திய அரசு 2021 ஆகஸ்டில் டிரோன் விதிகளைப் பிறப்பித்தது. 250 கிராம் வரை உள்ளது நானோ. 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறியது. இப்படி ஐந்து வகை. ஒவ்வொரு டிரோனுக்கும் பதிவு எண் வேண்டும். அனுமதி கேட்காமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்திலும் 400 அடிக்கு மேல் போகக்கூடாது. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிக்கு மேல் பறக்க அனுமதி வாங்கவேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் மனிதர் காப்பீடு கட்டாயம்.

நல்ல விதிகளே. மேலே பறக்கும் பயணி விமானத்துக்கும், கீழே நடக்கும் வழிப்போக்கனுக்கும் இவை பாதுகாப்பு. ஆனால் டிரோன் கோஷ்டியில் கூலிக்கு நிற்கும் உதவியாள் மூன்றாம் மனிதரா? அவனுடைய வேலை நேரம் என்ன, ஓய்வு என்ன, அடிபட்டால் யார் பொறுப்பு? இந்த விதிகள் வாய் திறக்கவில்லை.

அந்த உதவியாளின் வேலையைக் கவனியுங்கள். கைஸ்பிரேயரில் ஏக்கருக்கு 200 லிட்டர் வரை தண்ணீர் கலந்து அடித்தார்கள். டிரோனில் பத்து லிட்டர்தான். மருந்தின் அளவு பெரிதும் குறையாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால் கலவை எப்படி இருக்கும்? பல மடங்கு கடுமையாக இருக்கும்! ஓட்டுகிறவர் தள்ளி நின்று விசையைப் பிடித்திருக்கிறார். கலப்பவனும் ஊற்றுபவனும் தொட்டியைக் கழுவுபவனும் உதவியாள். ஒரு நாளில் முப்பது ஏக்கர் பறந்தால் முப்பது தடவை அவன் அந்த நஞ்சைத் தொடுகிறான். சூடேறிய லித்தியம் பாட்டரியை மாற்றி மாற்றிப் போடுபவனும் அவனே. அது வீங்கினால் தீப்பிடிக்கும். துளியோ மிக நுண்ணியது. காற்று திரும்பினால் பக்கத்து வயலில் களை எடுக்கும் பெண்கள் மேல் அது படியும். அபாயம் ஒழியவில்லை, ஆள் மாறியிருக்கிறது!

இதற்கும் காகிதத்தில் மருந்து உண்டு. 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் டிரோன் மருந்தடிப்புக்கு நடைமுறை வகுத்தது. அங்கீகரித்த மருந்தையே அடிக்கவேண்டும். 24 மணி நேரத்துக்கு முன்பே ஊருக்கு அறிவிக்கவேண்டும். சம்பந்தமில்லாதவர் உள்ளே வராமல் பார்க்கவேண்டும். கழுவிக்கொள்ள வசதியும் முதலுதவியும் வைக்கவேண்டும் என்கிறது அது. எந்த ஊரில் தண்டோரா போட்டார்கள்? எந்த வரப்பில் சோப்பும் தண்ணீரும் வைத்தார்கள்? ஆலைக்குள் இன்ஸ்பெக்டரை வரவழைக்கத் தொழிலாளி வர்க்கம் எத்தனை ஆண்டு போராடியது! வயலுக்கு இன்றுவரை இன்ஸ்பெக்டர் வரவில்லை.

அடுத்தது பயிற்சி. டிரோன் ஓட்டும் சான்றிதழுக்கு 18 முதல் 65 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும் என்கிறது விதி. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயில வேண்டும். தனியார் பள்ளியில் அதற்குப் பல்லாயிரம் ரூபாய் கட்டணம். இருபது வருஷம் மருந்தடித்தவனுக்குக் காற்று எந்த நேரத்தில் திரும்பும், எந்த மடையில் பூச்சி முதலில் விழும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் அவன் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். அவனுக்குக் கதவு அடைப்பு! பாரம் ஏற்றிய லாரியை நெடுஞ்சாலையில் ஓட்ட எட்டாம் வகுப்பு வேண்டும் என்றிருந்த விதியை இதே மத்திய அரசு 2019-ல் எடுத்துவிட்டது. படிப்பில்லாதவன் பிழைக்க வழி வேண்டும், திறமையைச் சோதித்தால் போதும் என்று அன்று சொன்ன நியாயம் வயலுக்கு ஏன் பொருந்தாது? சோதனையைக் கடுமையாக்குங்கள், தமிழில், செய்துகாட்டும் முறையில் நடத்துங்கள், வாசலை மூடாதீர்கள்.

பணமில்லை என்று அரசு சொல்ல முடியாது. 2023 நவம்பரில் டிரோன் தீதி என்ற திட்டத்துக்கு 1,261 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன். விலையில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை மானியம். ஒரு பெண்ணுக்கு 15 நாள் பயிற்சி. மீதி விலை குழுவின் தலையில் கடன் என்ற குறை இருந்தபோதிலும், நமது பெண்கள் விசை பிடித்து ஓட்டுவதை வரவேற்கிறோம். அரசு மனம் வைத்தால் பொதுச் செலவில் கற்றுத்தர முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் மானியமெல்லாம் யந்திரம் வாங்குபவருக்குத்தான். அந்த யந்திரத்தால் கூலி நாளை இழப்பவனுக்கு ஒரு பைசா உண்டா?

ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கதை பழக்கமானது. ‘ரேஷனலைசேஷன்’ என்ற பெயரில் தறிகளைக் கூட்டி ஆட்களைக் குறைக்க வந்தபோது, 1955-ல் கான்பூர் ஜவுளித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புதிய தறி வேண்டாம் என்பதல்ல அவர்கள் வாதம். அதன் லாபம் முதலாளிக்கும் சுமை தொழிலாளிக்கும் என்பது அநியாயம் என்பதே. வயலில் அதே வழக்குதான் இன்று வந்திருக்கிறது.

டிரோன் முதலாளிகளுக்கு அகில இந்தியக் கூட்டமைப்பு இருக்கிறது. டில்லியில் விதி எழுதும்போது அவர்கள் குரல் கேட்கிறது. 25 படிவங்கள் ஐந்தாகக் குறைந்தன, 72 வகைக் கட்டணம் நான்காகக் குறைந்தது. அவர்கள் சேர்ந்து கேட்டார்கள், பெற்றார்கள். தனித்தனியே நிற்கும் உதவியாளையும் மருந்தடிக்கும் கூலியாளையும் யார் கேட்பார்கள்? ஆகவே நாம் கோருகிறோம்:

1. ஆளில்லா விமானக் கழகம் விவசாயத் தொழிலாளருக்கு ஊராட்சி ஒன்றியந்தோறும் தமிழில் இலவசப் பயிற்சி நடத்தவேண்டும். பயிற்சி நாட்களுக்குக் கூலி தரவேண்டும்.

2. மருந்தடித்து அனுபவமுள்ளவருக்குப் பத்தாம் வகுப்பு நிபந்தனையைத் தளர்த்தவேண்டும்.

3. மருந்து கலக்கும் உதவியாளுக்குக் கையுறை, முகமூடி, மேலங்கி, காப்பீடு ஆகியவற்றை டிரோன் உரிமையாளர் தரவேண்டும். தராதவருக்கு மானியம் கூடாது.

4. முன்னறிவிப்பில்லாமல் மருந்தடிப்பதைத் தடுக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் வேளாண்மை அலுவலருக்குக் கொடுக்கவேண்டும்.

5. மானியத்தில் வாங்கும் யந்திரத்தில் வேலை கொடுக்கும்போது, அதே ஊரில் மருந்தடித்து வந்தவருக்கு முதலிடம் தரவேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஆனாலும் கேட்காமல் கிடைக்காது. உங்கள் ஊரில் டிரோன் இறங்கினால் அதன் பக்கத்தில் நிற்கும் உதவியாளிடம் பேசுங்கள். அவன் கை எரிகிறதா, கூலி எவ்வளவு, அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அவனைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் அவன் இரு கைகளையும் பற்றிக்கொள்ளட்டும். ஆகாயத்துக்கு விதி எழுதிய கை, வயலில் நிற்பவனுக்கும் எழுதியே தீரவேண்டும்!