காணிக்கைப் பைக்குப் பக்கத்தில் ஒரு கார்டு மெஷின்: புலம்பெயர் தமிழ்ச் சபைகள் கவனிக்க வேண்டியவை

லண்டனில் ஞாயிறு மதியத்துக்கு மேல் நடக்கும் தமிழ் ஆராதனைகளுக்குப் போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். காணிக்கைப் பை சுற்றி வரும்போது ஐம்பதைத் தாண்டியவர்கள் மடித்து வைத்த நோட்டை எடுத்துப் போடுவார்கள். முப்பது வயதுக்காரர்கள் பையை அடுத்தவர் பக்கம் நகர்த்திவிட்டு லேசாகச் சிரிப்பார்கள். கொடுக்க மனசு இல்லாமல் இல்லை. பாக்கெட்டில் காசு இல்லை, அவ்வளவுதான்.

பிரிட்டனில் 2023இல் நடந்த மொத்தப் பணப் பரிமாற்றங்களில் ரொக்கத்தின் பங்கு வெறும் 12 சதவீதம் என்கிறது வங்கித் துறை அமைப்பான யூகே ஃபைனான்ஸ். இங்கிலாந்துத் திருச்சபை 2018லேயே தன் ஆலயங்களுக்கு கார்டு மெஷின் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. 2020இல் கொரோனா வந்து ஆலயக் கதவுகள் மூடியபோது, வங்கி வழியாகக் காணிக்கை வாங்கப் பழகாத சபைகள் ஹால் வாடகைக்கே திண்டாடின. இன்னொரு பக்கம் வங்கிக் கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஞாயிறு சேர்ந்த சில்லறையைத் திங்கட்கிழமை எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்பதே பொருளாளருக்குத் தலைவலி.

ஆகவே டிஜிட்டல் காணிக்கை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்துவிட்டது. எப்படி என்பதுதான் கேள்வி. நான் இங்கே மென்பொருள் துறையில் வேலை செய்கிறவன். "தம்பி, நீங்க ஐடிதானே, ஒரு க்யூஆர் கோடு போட்டுக் குடுங்களேன்" என்று சபையில் கேட்பார்கள். கோடு போடுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எந்த வழியில் வந்தால் எவ்வளவு நிற்கும்?

பலருக்குத் தெரியாத விஷயம், கொடுக்கும் வழியைப் பொறுத்து சபைக்குச் சேரும் தொகையே மாறும். கிஃப்ட் எய்ட் திட்டத்தில், வருமான வரி கட்டுகிற ஒருவர் ஒரு படிவத்தில் சம்மதம் கொடுத்தால் போதும். அவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் வரித்துறையிடமிருந்து சபைக்குக் கிடைக்கும். 40 குடும்பங்கள் மாதம் 20 பவுண்ட் கொடுத்தால் வருடத்துக்கு 9,600 பவுண்ட். கிஃப்ட் எய்ட் இருந்தால் அதற்கு மேல் இன்னும் 2,400. வாடகை ஹாலில் கூடும் ஒரு சின்னச் சபைக்கு இது பெரிய தொகை. 40 சதவீத வரி வரம்பில் இருக்கும் ஐடிக்காரர்களுக்கு இன்னொரு செய்தி: 100 பவுண்ட் கொடுத்தால் சபைக்கு 125 போகும், உங்களுக்கும் 25 பவுண்ட் வரிச் சலுகை கேட்கலாம்.

படிவம் கொடுக்காதவர்களின் சின்னக் காணிக்கைக்கும் ஒரு தனித் திட்டம் உண்டு. 30 பவுண்டுக்கு மிகாத ரொக்கம், காண்டாக்ட்லெஸ் கார்டு இரண்டுக்கும் அது பொருந்தும். வருடத்தில் 8,000 பவுண்ட் வரையிலான காணிக்கைக்கு 2,000 பவுண்ட் வரை கேட்டுப் பெறலாம். ஆனால் ஆன்லைனில் கட்டியதும் வங்கியிலிருந்து அனுப்பியதும் இதில் சேராது. அதாவது, படிவம் இல்லாமல் க்யூஆர் கோடு வழியாக இணையத்தில் வந்த 10 பவுண்டுக்கு எதுவும் கிடையாது. அதே 10 பவுண்ட் கார்டைத் தட்டி வந்தால் உண்டு. சபை வரித்துறையில் தொண்டு நிறுவனமாகப் பதிந்திருக்க வேண்டும், அதே வருடம் கிஃப்ட் எய்டும் கோரியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் க்யூஆர் கோடு ஒட்டுவதற்கு முன்னால் படிவங்களை வாங்குங்கள்.

கார்டு மெஷினில் ஒவ்வொரு தடவையும் கட்டணம் பிடிப்பார்கள். மாதாமாதம் வங்கியிலிருந்து நேராகப் போகும் ஸ்டாண்டிங் ஆர்டருக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. வாராவாரம் வருகிறவர்களை ஸ்டாண்டிங் ஆர்டருக்கு மாற்றுங்கள். மெஷின் விருந்தினருக்கும் எப்போதாவது வருகிறவர்களுக்கும் இருக்கட்டும்.

"மாதாமாதம் தானாகப் போனால் அதில் பக்தி எங்கே?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். சமைப்பதற்கு முன்பே எடுத்து வைப்பதுதான் அதன் சாரம். சம்பளம் வந்த மறுநாளே போய்விடும் ஸ்டாண்டிங் ஆர்டரும் அதே ஒழுங்குதான்.

மெஷினில் பட்டன் இல்லாதவர்கள்

இனி கொஞ்சம் சங்கடமான பகுதி. நம் சபைகளில் அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை, வேலை செய்யும் அனுமதியும் இல்லை. சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடும் இடத்தில் தங்கியிருப்பவருக்கு 2024இல் அரசு கொடுத்தது வாரத்துக்கு 49.18 பவுண்ட். அதுவும் ஹோம் ஆபிஸ் கொடுக்கும் ஒரு அட்டையில்தான் வரும்.

மெஷின் திரையில் நாம் என்ன வைக்கிறோம்? 5, 10, 20. மிகச் சிறிய பட்டனான ஐந்து பவுண்டே அவருடைய வாரப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு. அவர் ஒரு பவுண்ட் போட நினைத்தால் என்ன செய்வார்? பின்னால் வரிசை நிற்கும்போது வேறு தொகையைத் தேடித் தட்டிக்கொண்டிருப்பாரா? பேசாமல் ஒதுங்கிப் போய்விடுவார். இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையை வருடத்துக்கு ஒரு முறையாவது பிரசங்கத்தில் கேட்கிறோம். அந்த அம்மாவுக்கு நம் திரையில் பட்டன் இல்லை. அதனால் பை தொடர்ந்து சுற்றட்டும். அதில் யார் என்ன போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. போட முடியாதவரும் தலை குனியாமல் அடுத்தவரிடம் நகர்த்தலாம்.

பெயர் தெரியாமல் கொடுப்பது வசதி உள்ளவர்களுக்கும் முக்கியம்தான். வங்கி வழியாக வரும் ஒவ்வொரு பைசாவும் பெயரோடு பதிவாகிறது. நூறு பேர் இருக்கும் சபையில், எந்த வீட்டுக்காரர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது கமிட்டி முழுக்கத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த நாட்டின் தரவுச் சட்டத்தில் மத நம்பிக்கையைக் காட்டும் விவரங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. காணிக்கைப் பட்டியலை ஒரிருவர் மட்டும் பார்க்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் எக்செல் ஷீட் சுற்றக் கூடாது.

கணக்கு யார் பெயரில்?

சின்னச் சபைகள் சிலவற்றில் "பாஸ்டர் நம்பருக்கே போட்டுடுங்க" என்று சொல்வது இன்னும் நடக்கிறது. பாஸ்டர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இது தப்பு. காணிக்கை சபையின் பெயரில் உள்ள கணக்குக்குப் போக வேண்டும், பணம் எடுக்க இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். பணம் அனுப்பும்போது வங்கி காட்டும் பெயரைப் பாருங்கள். சபையின் பெயர் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கார் பார்க்குகளில் போலி க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றும் நாடு இது. ஆலய வாசலில் ஒட்டிய ஸ்டிக்கரையும் யாராவது வாராவாரம் சரிபார்க்க வேண்டும்.

கிரெடிட் கார்டில் காணிக்கை எடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. உணர்ச்சிகரமான கூட்டத்தின் முடிவில் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் வட்டி கட்டும் குடும்பங்களை உருவாக்குவது ஊழியம் இல்லை.

ஊர்ச் சபைக்கு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஊர் ஆலயத்துக்கு அனுப்புவது பிரச்சினை இல்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தவர், ஓசிஐ அட்டை இருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அந்தச் சபைக்கு எஃப்சிஆர்ஏ அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கு வழியாகத்தான் போக முடியும். ஆலயக் கட்டட நிதிக்கு வாட்ஸ்அப்பில் வந்த க்யூஆர் கோடைப் பார்த்தவுடன் ஸ்கேன் செய்தால், சிக்கல் ஊரில் இருக்கும் பொருளாளர் தலையில் விழும்.

கடைசியாக, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி. அவர்கள் கொடுக்க மாட்டார்கள் என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். ஸ்கூல் ஓட்டப் பந்தயத்துக்கும் நிலநடுக்க நிவாரணத்துக்கும் போனிலேயே கொடுக்கிறவர்கள்தான் அவர்கள். எதற்குக் கொடுக்கிறோம், என்ன ஆனது என்று அங்கே தெரிகிறது. சபையில் பை போகும், கணக்கு வருடாந்தரக் கூட்டத்தில் வேகமாக வாசிக்கப்படும். க்யூஆர் கோடு போடும் அதே திரையில், போன மூன்று மாதத்தில் வாடகைக்கு எவ்வளவு, உதவிக்கு எவ்வளவு, கையில் எவ்வளவு என்று நாலு வரி காட்டுங்கள். கமிட்டியில் ஒரு இடத்தை இருபதுகளில் இருக்கும் ஒருவருக்குக் கொடுங்கள். மெஷின் வாங்க ஆகும் செலவைவிட இது குறைவு, பலன் அதிகம்.

உங்கள் சபையின் அடுத்த பொதுக்கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கணக்கு யார் பெயரில்? கிஃப்ட் எய்ட் படிவம் எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறோம்? ஒரு பவுண்ட் மட்டும் கொடுக்கக் கூடியவர் அதை எப்படிக் கொடுப்பார்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.