நூலகருக்கும் வேண்டும் தொடர் பயிற்சி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதப் பேராசிரியர். நூலகப் பணியை லண்டனுக்கு அனுப்பப்பட்ட பிறகே முறையாகக் கற்றார். அந்த ஒரு பயிற்சிதான் இந்திய நூலகவியலுக்கே அடித்தளமாயிற்று. நூலகம் வளரும் உயிரி என்பது அவர் வகுத்த ஐந்தாம் விதி. அப்படியானால், அதை நடத்துபவரின் அறிவு பட்டம் வாங்கிய ஆண்டோடு நின்றுவிடலாமா? இன்று கிளை நூலகத்துக்கு வருபவர் போட்டித் தேர்வுக்கான மின்னூலையும் கேட்கிறார், கைப்பேசியில் வந்த செய்தி மெய்யா என்றும் கேட்கிறார்.

எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்பார்கள். கிடைப்பதில் நம்பத்தக்கதைப் பிரித்துக் காட்டத்தான் தேர்ந்த நூலகர் வேண்டும். ஒற்றை ஊழியர் பயிற்சிக்குப் போனால் நூலகம் பூட்டிக் கிடக்குமே என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி மாற்று ஊழியரை அமர்த்துவது, பயிற்சியைக் கைவிடுவதல்ல. பணமில்லை என்பதையும் ஏற்க முடியாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அதில் ஒரு பங்கை ஊர்ப்புற நூலகர் வரை அனைவரின் பயிற்சிக்கும் அரசு ஒதுக்க வேண்டும்.